"மிக்ஸி இருக்கும்போது இது எதுக்கு?"

"மிக்ஸி இருக்கும்போது இது எதுக்குடி?" காய் நறுக்குகிற மிஷினான சாப்பர் வீட்டுக்கு வந்த அன்று அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். வாங்கும் வரை எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் அத்தைக்குப் போன வருஷத்திலிருந்து வலது மணிக்கட்டு வலி, கத்தியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. அருவாமனையில் உட்கார முழங்கால் விடாது. காலை ஆறு மணிக்கு மூன்று டிபன் பாக்ஸுக்கும் நான் ஒருத்தியே நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மிக்ஸியிலும் பார்த்துவிட்டேன். சட்னி ஜாரில் இரண்டு பல்லாரி வெங்காயத்தைப் போட்டு விப்பரில் இரண்டு தட்டு தட்டினால் அடியில் விழுது, மேலே முழுசு முழுசாகத் துண்டு. ஜாரின் பிளேடு குட்டை, அடியிலேயே கிடக்கும், வேகமும் பயங்கரம். அது அரைப்பதற்கென்றே செய்தது. சாப்பரில் பிளேடு கிண்ணத்தின் சுவர் வரை நீளும், கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு அடுக்கு இருக்கும், சுற்றும் வேகமும் குறைவு. அதனால்தான் காய் துண்டாக விழுகிறது.

முதலில் ஏமாந்தது அளவில். 250 மில்லி கிண்ணம், சார்ஜ் போடுகிற வகை, பார்க்க அழகு. ஒரு பெரிய வெங்காயத்தை நான்காக வெட்டிப் போட்டால் மூடி மூடவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் மில்லி கணக்கு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் வருகிற கணக்கு. காய்க்குப் பாதி, மிஞ்சினால் முக்கால். அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, கரண்டில் ஓடும் 300 வாட் மிஷின் வாங்கினேன், அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. நான்கு பேருக்கு இது போதும்.

ஓட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டனில் விரலை அழுத்தியே வைக்கக் கூடாது. ஒரு நொடி அழுத்தி விட வேண்டும், துண்டுகள் கீழே விழட்டும், மறுபடி அழுத்த வேண்டும். எங்கள் மிஷினில் வெங்காயத்துக்கு நான்கு தட்டு பொரியலுக்கு, ஆறு தட்டு ஆம்லெட்டுக்கு. எட்டாவது தட்டில் தண்ணீர் விட்டுவிடும். அந்த வெங்காயம் எண்ணெயில் வதங்காது, வேகும். எவ்வளவு நேரம் கிளறினாலும் சிவக்காது, லேசாகக் கசக்கவும் செய்யும். முதல் வாரம் நான் வைத்த குருமா எல்லாம் அப்படித்தான்.

பீன்ஸை ஒரு அங்குலத்துக்கு ஒடித்துப் போடுங்கள். நீளமாகப் போட்டால் ஒன்றிரண்டு குறுக்கே படுத்துக்கொண்டு கடைசி வரை அப்படியே இருக்கும்.

* * *

மேலே எழுதிய அக்கா தங்கையிடம் தள்ளிவிட்ட அதே சார்ஜ் வகைதான் என்னிடம் இருக்கிறது. நான் அறையில் தனியாக இருக்கிறவன், எனக்கு அது போதும். பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சைமிளகாய், முடிந்தது வேலை. கரண்ட் போனாலும் ஓடும். தேங்காய்ச் சில்லு போட்டேன், முக்கி முனகி நின்றுவிட்டது. வறுத்த கடலையும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. பச்சைமிளகாய் அடித்த உடனே மூடியைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். பத்து நிமிஷம் தும்மினேன், கண்ணீர் வேறு. கொஞ்சம் ஆறவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறங்கள்.

* * *

எங்கள் வீட்டுக் கதை வேறு. அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஆசையாக ஒரு சாப்பர் கொண்டுவந்தார். அதன் பிளக்கில் பின் தட்டையாக இருந்தது, இங்கே கடையில் ஒரு மாற்று பிளக் வாங்கி மாட்டினோம். பட்டனை அழுத்தினதும் விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கருகின வாசனை, அவ்வளவுதான். உள்ளே பாதி நறுக்கின கேரட் அப்படியே இருந்தது.

அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்த மாற்று பிளக் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் மோட்டார் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு அப்புறம் சொருகுங்கள். 220–240 என்று இருந்தால் பயமில்லை. போன் சார்ஜரில் ஏற்றுகிற வகைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

* * *

கழுவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிளேடை சோப்புத் தண்ணீரில் மற்ற பாத்திரத்தோடு போட்டுவிட்டுக் கையை விட்டேன், நுரைக்குள் தெரியவில்லை. சுண்டுவிரலில் நல்ல வெட்டு. இப்போது வேலை முடிந்ததும் பிளேடைத் தனியாக எடுத்து, குழாய்க்கு நேரே பிடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிடுகிறேன். நடுவில் இருக்கும் ஓட்டையில்தான் பூண்டு போய் ஒளிந்துகொள்ளும். மோட்டார் உள்ள மூடியைத் தண்ணீரில் முக்கவே கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பிளாஸ்டிக் கிண்ணத்தில் மஞ்சள் கறை பிடித்தால் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழ வைக்காதீர்கள். கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் கவிழ்க்காமல் வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் தானாக வெளுத்துவிடும். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது.

அப்புறம், கீரை நறுக்க வருமா? வாழைப்பூ?

* * *

முதலில் எழுதியவள்தான். கீரைக்கு வேண்டாம். தண்டு நடு அச்சில் சுற்றிக்கொள்கிறது, இலை நசுங்கிப் பச்சைச் சாறாகிவிடுகிறது. கீரைக்கு இன்றைக்கும் கத்திதான். சாம்பாருக்கு முருங்கை, கத்தரி எல்லாம் பெரிய துண்டாக வேண்டும், அங்கேயும் இதற்கு வேலை இல்லை.

வாழைப்பூ அருமையாக வரும். நரம்பையும் அந்தச் சின்னச் செதிலையும் கையால்தான் எடுக்க வேண்டும், அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. எடுத்ததை மோரில் போட்டு வைத்து, நன்றாக வடித்து, மூன்று தட்டு. வடைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக இதிலேயே அடிக்கலாம். மிக்ஸியில் மாவாகிவிடும், இதில் கொரகொரப்பு அப்படியே நிற்கும். நடுவில் ஒரு தடவை நிறுத்தி ஓரத்தை வழித்துவிட வேண்டும், மோட்டாருக்கும் ஓய்வு வேண்டுமில்லையா.

நேற்று அத்தை தானாகவே அதை எடுத்து மேடையில் வைத்தார். இடது கையால் மூடியை அழுத்திக்கொண்டு, "ஒண்ணு… ரெண்டு… மூணு" என்று சத்தமாக எண்ணித் தட்டினார். அடுத்து நான் வெங்காயம் போட்டு ஐந்தாவது தட்டுக்குக் கை வைத்தேன்.

"போதும்மா, பொரியலுக்கு நாலுதான்" என்றார்.