விறகுத் தீக்கு வெளிச்சம் அதிகம், கேஸ் சுடருக்குச் சூடு அதிகம்: ஏன்?

தேவனாம்பட்டினவாசி (கடலூர்):
எங்கள் வீட்டில் வெந்நீருக்குச் சவுக்கு விறகு, சமையலுக்கு கேஸ். விறகுத் தீ தோட்டம் முழுவதும் வெளிச்சம் தருகிறது. கேஸ் சுடரோ பகலில் சரியாகக் கண்ணுக்கே தெரிவதில்லை, ஆனால் பால் பொங்குவது அதில்தான் விரைவு. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், எரிபொருளில் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புகள் உடைவதால் ஆற்றல் வெளிவருகிறது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். அப்படியானால் அதிக ஒளி தரும் தீயில் வெப்பமும் அதிகமாக இருக்க வேண்டாமா? கடற்காற்று வீசும் நாள்களில் நீலச் சுடரில் ஆரஞ்சுப் பொறிகள் தெரிவதும் ஏனென்று விளங்கவில்லை.

புதுவை வேதியியல் ஆசிரியர்:
ஐயா, முதலில் அந்தக் குறிப்பேட்டைத் திருத்தச் சொல்லுங்கள். பிணைப்பை உடைப்பது செலவு; புதிய பிணைப்பு உருவாவதுதான் வரவு. எடுத்துக்காட்டாக ஹைட்ரஜன் எரிவதைப் பாருங்கள். ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூலும், அதனுடன் சேரவேண்டிய அரை மோல் ஆக்சிஜனை உடைக்க 249 கிலோஜூலும் தேவை. இவை இணைந்து நீராவியாகும்போது சுமார் 926 கிலோஜூல் கிடைக்கிறது. கழித்தால் மிஞ்சும் 241 கிலோஜூல்தான் நமக்குக் கிடைக்கும் வெப்பம். தீக்குச்சி கொடுப்பது அந்த முதல் செலவைத்தான்; பிறகு தீயே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

ஒளியின் கணக்கு வேறு. குத்துவிளக்குச் சுடரின் நடுவில் எவர்சில்வர் கரண்டியை ஒரு நொடி காட்டுங்கள், கரி படியும். மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது அந்தக் கரித்துகள்களே. விறகிலும் அவ்வாறே, காற்று போதாத இடத்தில் உண்டாகும் துகள்கள் சூடேறி ஒளிர்கின்றன. கேஸ் அடுப்பில் எரிவதற்கு முன்பே காற்று கலந்துவிடுவதால் கரி உண்டாவதில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் ஒட்டிய, கணநேரமே நிலைக்கும் துணுக்குகள் வெளியிடும் நீல ஒளி மட்டுமே தெரிகிறது. மொத்த ஆற்றலில் அது மிகச் சிறிய பங்கு. ஆகவே வெளிச்சத்தை வைத்து வெப்பத்தை மதிப்பிட முடியாது.

நெய்வேலிக்காரர்:
ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே சுமார் 2.5 மெகாஜூல் போய்விடுகிறது. பச்சைச் சவுக்கு புகைவதும் இதனால்தான். நன்கு காய்ந்த விறகே கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல்தான் தரும். சமையல் எரிவாயு தருவதோ சுமார் 46. போதாக்குறைக்கு, திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்தைத் தொடாமலே வெளியேறிவிடுகிறது.

வெள்ளி கடற்கரை:
ஆரஞ்சுப் பொறிகளுக்குக் காரணம் காற்றில் வரும் உப்பு. அதிலுள்ள சோடியம் சூடேறும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் ஒளியை உமிழ்கிறது. சோற்றுக் கஞ்சி பொங்கி வழியும்போதும் இதே நிறத்தைக் காணலாம். கேஸில் கலப்படம் என்று ஏஜென்சிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் சுடர் முழுவதும் நிலையாக மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரியும் பிடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். நச்சான கார்பன் மோனாக்சைடும் அப்போது உண்டாகும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.