‘சேவ் பேட்டரி’: சேமிப்புக் கலமா, நினைவுக்காப்புக் கலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் கடையொன்றில் ஒட்டுவதற்கான கேம் பாய் (கையடக்க ஆட்டக் கருவி) பராமரிப்புக் குறிப்பில், ஆட்டக் கேசட்டுக்குள் இருக்கும் ‘சேவ் பேட்டரி’யைச் ‘சேமிப்புக் கலம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இது சரிவராது. திரும்பத் திரும்ப மின்னேற்றும் பேட்டரிக்குச் சேமக்கலம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இதுவோ மின்னேற்றவே கூடாத லித்தியம் வில்லை. அதைவிட முக்கியம், இது எதையும் சேமிப்பதில்லை. ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது எஸ்ரேம் (SRAM) என்ற நினைவகச் சில்லில் பதிகிறது; மின்சாரம் நின்றால் அது மறந்துவிடும். கருவியை அணைத்த பிறகும் அந்தச் சில்லு மறக்காதிருக்க 3 வோல்ட் தந்துகொண்டிருப்பதே இதன் வேலை. ஆகவே ‘நினைவுக்காப்புக் கலம்’ என்கிறேன். கலத்தைக் கழற்றினால் பதிவும் போகும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். அது தெரியாமல்தான் பலர் பழைய ஆட்டத்தைத் தொலைக்கிறார்கள்.

*

அண்ணே, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாக் கேசட்டுக்கும் பொருந்தாது. போக்கிமோன் ரூபி, சஃபையர் ஆட்டங்களில் பதிவு, மின்சாரம் இல்லாமலும் மறக்காத பிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. அங்கே பேட்டரி ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தால் ஆட்டத்தில் வரும் பழச்செடி வளராது, பதிவு அப்படியே இருக்கும். அதைக் ‘கடிகாரக் கலம்’ என்று பிரித்துவிடலாம். போக்கிமோன் கோல்ட், சில்வரில் ஒரே கலம் இரண்டு வேலையும் பார்க்கிறது, அதனால் சீக்கிரம் தீர்கிறது. அதற்கு நினைவுக்காப்புக் கலம் என்ற பெயரே இருக்கட்டும். இழப்பு எங்கே பெரிதோ அதை வைத்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

‘காப்புக் கலம்’ என்று சுருக்க வேண்டாம். எதைக் காக்கிறது என்பதே போய்விடும்.

*

தம்பி சொன்ன பிரிவை ஏற்கிறேன். குறிப்பில் இப்படிப் போடலாம்:

“முதலில் கேசட் படிப்பான் (கேசட்டைக் கணினியோடு இணைக்கும் கருவி) வழியாகப் பதிவைக் கணினியில் நகலெடுங்கள். பிறகு 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளியால் கேசட்டைத் திறந்து, நினைவுக்காப்புக் கலத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். சிஆர்2025 என்றால் 20 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், சிஆர்1616 என்றால் 16 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன். அதே எண்ணில், தகட்டுக்கால் (பலகையோடு இணைக்கும் உலோகத் தகடு) பற்றவைத்த கலத்தையே வாங்குங்கள். வெறும் வில்லைமேல் ஈயம் பற்றவைக்காதீர்கள். சூட்டில் உள்ளே கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். பற்றவைக்காமல் செலோடேப் ஒட்டினால் கொஞ்ச நாளில் தொடர்பு விட்டு, பதிவு அழியும். மின்சுற்றுப் பலகையில் உள்ள கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்துப் பொருத்துங்கள்.”

‘தகட்டுக்கால்’ என்ற சொல்லையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம். கடையில் கேட்டு வாங்க வேண்டியதே அதுதான்.

இன்னொரு வரியும் தேவை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கேசட்டில் பதிவு நிற்கவில்லை என்றால், கலம் தீர்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். போலிக் கேசட் சிலவற்றில் கலமே வைத்திருக்க மாட்டார்கள். முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.