‘சட்டையுரி’யா, ‘அகல்வரி’யா? வுல்ஃப்–ராயே விண்மீனுக்கு ஒரு சொல்

வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்புக்காக, வுல்ஃப்–ராயே என்ற விண்மீன் வகைக்கு நண்பர் முன்வைத்த ‘சட்டையுரி விண்மீன்’ கேட்டதுமே பிடித்துப்போனது. மேலிருந்த ஹைட்ரஜனைக் காற்றாக உதறிவிட்டு ஹீலியத்தோடு நிற்பது, பாம்பு சட்டை உரித்த மாதிரிதான். இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். ஆர்136ஏ1 என்ற விண்மீனுக்கு வந்தபோது இடித்தது.

பெரிய மகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் திரளில் இருக்கும் அதுவும் இந்த வகைதான். ஆனால் அதன் மையத்தில் இன்னும் ஹைட்ரஜனே எரிகிறது, மேற்பரப்பிலும் ஹைட்ரஜன் மிச்சமிருக்கிறது. உரிக்காததை எப்படிச் சட்டையுரி என்பது?

1867-இல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்லஸ் வுல்ஃபும் ஜார்ஜ் ராயேவும் சிக்னஸ் மண்டலத்தின் மூன்று விண்மீன்களில் கண்டது நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரிந்த ஒளியை, மட்டுமே. வழக்கமான கருங்கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ஒளிக்கோடுகள். ஹீலியம் என்ற பெயர்கூட அப்போது இல்லை. இன்றும் இந்த வகையை அடையாளம் காட்டுவது அந்தக் கோடுகள்தான். அகலத்துக்குக் காரணம் விண்மீன் காற்று: நொடிக்கு 2,000 கி.மீ. வேகத்தில் எல்லாத் திசையிலும் வீசும்போது, நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும் விலகிப்போவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்கிறது. 468.6 நானோமீட்டரில் கூர்மையாக இருக்க வேண்டிய ஹீலியம் வரி (அதாவது கோடு), 6 நானோமீட்டர் அளவுக்குப் பரந்துவிடுகிறது.

அதனால் என் பரிந்துரை: அகல்வரி விண்மீன். அகல்வயல், அகல்விசும்பு போல வினைத்தொகை.

இவை ஒளிக்கோடுகள் என்பதைக் காட்ட ‘வெளியிடு’ (emission) என்பதையும் சேர்க்கலாமே என்றால், அது தமிழ்நாட்டுப் பாடநூல் சொல். இலங்கையில் அதே நிறமாலையைக் ‘காலல் நிறமாலை’ என்றுதான் படிக்கிறார்கள். அகல்வரி இரு பக்கமும் புரியும். வேகமாகச் சுழலும் விண்மீன்களிலும் வரி அகலும், உண்மைதான். அங்கே அகல்வது கருங்கோடு. அதை வரையறையில் சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் பெயருக்குள் அடைக்க வேண்டாம்.

உட்பிரிவுகளும் எளிதாக வருகின்றன: நைட்ரஜன் அகல்வரி, கார்பன் அகல்வரி, ஆக்சிஜன் அகல்வரி. ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “பிப்ரவரி இரவுகளில் அகத்திய விண்மீனுக்கு (கனோபஸ்) சற்றுக் கிழக்கே தெரியும் காமா வெலோரத்தில், ஒரு கார்பன் அகல்வரி விண்மீனும் ஒரு நீல விண்மீனும் 78.5 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன.” எங்கும் உறுத்தவில்லை.

அப்புறம், சட்டையுரியைக் கைவிட எனக்கு மனமில்லை. இணை விண்மீன் மேலடுக்கை இழுத்துக்கொண்டதால் ஹீலியம் வெளிப்பட்டு நிற்கும் விண்மீன்கள் உண்டு. காற்று வலுவாக இல்லாததால் அவற்றில் பலவற்றுக்கு இந்த அகன்ற வரிகளே கிடையாது. அந்தச் சொல் அவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. நண்பர் சம்மதித்தால் இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்த்துவிடலாம்.