பிரார்த்தனைக்கு நிறைய மெழுகுவர்த்தி ஏற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி:
மாலைப் பிரார்த்தனைக்குக் கண்ணாடிக் குவளையில் ஒரு மெழுகுவர்த்தியும், சுற்றிலும் தகரக் கிண்ணத்தில் வரும் சின்னவற்றை நெருக்கமாகவும் ஏற்றுகிறோம். கொஞ்ச நாளாகச் சுடர் உயரமாக எழும்பி, குவளை விளிம்பில் கரி படிகிறது. பக்கத்தில் திரைச்சீலை வேறு. அம்மா கண்மூடி உட்கார்ந்திருப்பார், எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். என்ன மாற்றலாம்?

பதில் 1:
முதலில் திரியைப் பாருங்கள். நுனியில் காளான் மாதிரி கறுப்பாக மொட்டு கட்டியிருக்கும். மெழுகு ஆறியிருக்கும்போது 6 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். நறுக்கிய துண்டு மெழுகில் கிடக்கக் கூடாது, அதுவும் பற்றிக்கொள்ளும். மின்விசிறிக் காற்று பட்டாலும் கரி வரும். திரைச்சீலையிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

பதில் 2:
சின்னவற்றை நெருக்கி வைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒன்றின் சூடு அடுத்ததன் மெழுகை அளவுக்கு மீறிக் காய்ச்சும், மெழுகு மொத்தமாகவே தீப்பிடிக்கலாம். அப்போது தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்! அது சட்டென்று ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கவிடும். உலோக மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். இனி ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு கையகலம் இருக்கட்டும்.

கேட்டவர்:
சரி, இன்றே மாற்றிவிடுகிறேன். குவளையில் அடிமட்டம் வரை எரியவிடலாமா?

பதில் 2:
வேண்டாம். 1 சென்டிமீட்டர் மெழுகு மிச்சமிருக்கும்போதே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். அப்புறம், அம்மா கண்மூடியிருக்கும் நேரத்தில் இன்னொருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் பேட்டரி விளக்கு போதும்.