அரக்கர் படைக்குப் பெயர்: புதிதாகப் புனைவதா, பழையதை எடுப்பதா?

இரவாடி:
கைப்பேசியில் ஆடும் போர்த்தந்திர விளையாட்டு ஒன்றைச் சிறு குழுவாகச் செய்துகொண்டிருக்கிறோம். அதே உலகத்தில் நடக்கும் நாவல் ஒன்றையும் எழுதிவருகிறேன். இரண்டும் முழுக்கத் தமிழ். எதிரி, பாதாளத்திலிருந்து ஏறி வரும் அரக்கர் படை. அதில் ஐந்து பிரிவுகள். இப்போதைக்கு ஸர்காத், மோர்வெத், நெக்ராஸ், வால்த்ரூம், க்ஷாரோன் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆடிப் பார்த்தவர்கள் யார் வாயிலும் இந்தப் பெயர்கள் நிற்கவில்லை. "அந்தச் சிவப்புக் கூட்டம்", "அந்தப் பறக்கிறவர்கள்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய நூல்களிலிருந்து எடுக்கலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். அப்படிச் செய்தால் புராணப் படம் மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள் மீதிப் பேர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்காந்தள்:
எடுங்கள், தயங்கவே வேண்டாம். இவ்வளவு கையிருப்பு இருக்கும்போது எதற்கு ஸர்காத்? கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் பேய்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கிப் பாடியிருக்கிறார். "கருநெடும் பனங்காடு முழுமையும் காலும் கையும் உடையன போல்வன" என்று அதில் வருகிறது. ஒரு பனங்காடு முழுவதும் கைகால் முளைத்து இருட்டில் நடந்து வருவதை யோசித்துப் பாருங்கள். ஒரு பிரிவுக்குப் பனங்காடர் என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. கம்பனிடம் போனால் கிங்கரர் கிடைக்கிறார்கள், அனுமனைப் பிடிக்க இராவணன் ஏவிய ஆட்கள். கடைசிச் சுற்றுக்கு மூலபலம் இருக்கிறது. இராவணன் கடைசியாக இறக்கிய பெரும்படை அது, அதற்கென்று மூலபல வதைப் படலம் என்று தனிப் படலமே உண்டு. மூலபலம் இறங்கிவிட்டது என்று திரையில் எழுத்து வந்தால் போதும், எனக்கு வியர்த்துவிடும்.

மரப்பாச்சி:
செங்காந்தள், உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் கிங்கரர் என்று வைத்த உடனேயே யார் அடிப்பார்கள், யார் அடிபடுவார்கள் என்பது தெரிந்துவிடுகிறதே. இரவாடியின் கதையில் அந்தப் படை ஜெயிக்கவும் கூடும் என்ற பயம் வாசகருக்கு வர வேண்டாமா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஜார்க்கண்டில் அசுர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். இரும்பு உருக்குவது அவர்களின் பரம்பரைத் தொழில். மகிஷாசுரனை முன்னோராகக் கருதி, ஊரெல்லாம் துர்கா பூசை கொண்டாடும் நாட்களில் துக்கம் காப்பவர்கள். நம் ஊர்களில் காட்டேரி, முனி, சுடலைமாடன் எல்லாம் பலருக்குக் குலதெய்வம். கிடா வெட்டிப் படையல் போடுகிற வீட்டுப் பிள்ளையிடம் அந்தப் பெயரைக் கொடுத்து, வரிசையாக வெட்டித் தள்ளு என்று சொல்வீர்களா? இராவணன் பக்கம் நின்று புலவர் குழந்தை எழுதிய இராவண காவியத்துக்கு 1948-இல் அரசு தடை போட்டது. 1971-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அரக்கன் யார் என்பது இந்த மண்ணில் இன்னும் தீராத வழக்கு. அதைத் தெரியாத மாதிரி ஒரு விளையாட்டு நடந்துகொள்ளக் கூடாது. புதிதாகவே புனையுங்கள்.

பொருநைக்கரை:
முதலில் பரணியைப் பற்றி ஒன்று. அதில் பேய்கள் போர் செய்வதில்லை. பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன. கருணாகரத் தொண்டைமான் தலைமையில் குலோத்துங்கனின் படை கலிங்கத்தில் போரிட்டு முடித்த பிறகு, களத்துக்குப் போய்ப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. ஆகவே அவற்றை முன்னணிப் படையாக நிறுத்துவது அந்த நூலுக்கே பொருந்தாது. சண்டை ஓய்ந்த களத்தில் தானாக வந்து சேரும் கூட்டமாக வையுங்கள். அதுதான் இன்னும் பயங்கரம்.

அப்புறம், படைப்பெயரில் இருக்கும் அச்சம் எங்கிருந்து வருகிறது? மாற்கு சுவிசேஷத்தில் அசுத்த ஆவி பிடித்தவனிடம் பெயர் கேட்கும்போது, லேகியோன் என்று பதில் வருகிறது, நாங்கள் பலர் என்ற காரணத்தோடு. அன்றைக்கு அந்த நாட்டை ஆண்டது ரோம். லேகியோன் ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு. கேட்டவர்களுக்கு அது தங்கள் தலைக்கு மேல் நிற்கிற படை. இன்றைய ஆங்கில விளையாட்டுகள் எல்லாம் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர் நிஜத்தில் இருப்பதால்தான்.

நம் பக்கத்து நிஜம் கல்வெட்டில் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் திருவாலீஸ்வரம் கோயில் கல்வெட்டில் மூன்றுகை மகாசேனை என்று ஒரு சோழப்படை வருகிறது. அந்தக் கோயிலே அதன் காவலில் விடப்பட்டிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பிரிவுகளின் பெயர்களை வரிசையாகப் பார்க்கலாம். அரசனின் பட்டப்பெயர் முதலில், அடுத்து "தெரிந்த", அதாவது தேர்ந்தெடுத்த, கடைசியில் வகை: வில்லிகள், கைக்கோளர், பரிவாரத்தார், வேளைக்காரர். வேளைக்காரர் என்றால் அரசனுக்காக உயிரை விடுவதாகச் சூளுரைத்தவர்கள். இந்த அமைப்பை அப்படியே அரக்கர் கோனுக்கு மாற்றுங்கள். அவன் பட்டம் கருங்கதிர் என்றால், "கருங்கதிர் தெரிந்த பாசக்கையர்". இதில் ஓர் அரசாங்கம் தெரிகிறது, கணக்குப்பிள்ளை தெரிகிறான், ஆள் சேர்ப்பு தெரிகிறது. நெக்ராஸில் என்ன தெரிகிறது?

மரப்பாச்சி:
பொருநைக்கரை, நிஜப் படையின் பெயர் நிஜ அச்சத்தைக் கொண்டுவரும் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், என் கவலையே அதுதான். பட்டாளம், முகாம் போன்ற சொற்களை ஈழத்து வாசகர் ஒருவர் எப்படி வாசிப்பார்? அவருக்கு அவை நேற்றைய நினைவு. சோழர் படை அமைப்பை எடுத்தால் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. அனுராதபுரம் அந்தப் படையிடம்தான் வீழ்ந்தது.

சொக்கட்டான்:
நான் விளையாட்டு வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். "கருங்கதிர் தெரிந்த பாசக்கையர்" நாவலில் அற்புதமாக இருக்கும், கைப்பேசித் திரையில் பொத்தானுக்கு வெளியே வழியும். திரைக்குப் பாசக்கையர் போதும். முழுப்பெயர் பிரிவைத் தொட்டால் விரியட்டும்.

புனைபெயர் விஷயத்தில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு பேய்வழிபாட்டைப் பரப்புகிறது என்று 1980-களில் அமெரிக்காவில் பெரிய கூச்சல். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டார்கள். 1991-இல் அந்த இரண்டு இனங்களும் டனாரி, பாட்டெஸு என்ற புனைபெயர்களோடு திரும்பி வந்தன. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய சொற்களே மறுபடி முன்னுக்கு வந்துவிட்டன. புனைபெயர்கள் உட்பிரிவுகளாகச் சுருங்கின. புதுப்பெயர் தனியாக நிற்பது அவ்வளவு கடினம்.

ஆனால் இரவாடி, உங்கள் ஐந்து பெயர்களில் எனக்குப் படும் குறை அவை புனைந்தவை என்பதல்ல. எந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதற்குப் பெயரில் ஒரு பிடிகூட இல்லை. பாலி மொழியில் சுத்த நிபாதத்தில் பதான சுத்தம் என்று ஒன்று உண்டு. அதில், தன் தவத்தைக் கலைக்க வரும் மாரனின் படைப்பிரிவுகளைப் புத்தர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்: காமம் முதல் சேனை, வெறுப்பு இரண்டாவது, பசியும் தாகமும் மூன்றாவது, வேட்கை நான்காவது, மடியும் உறக்கமும் ஐந்தாவது, அச்சம் ஆறாவது, ஐயம் ஏழாவது. வடிவமைப்பாளனுக்கு இது பொக்கிஷம். ஐந்தாம் சேனை பக்கத்தில் வந்தாலே உங்கள் வீரர்களின் நகர்வு பாதியாகட்டும். ஏழாம் சேனை வந்தால் கட்டளை கொடுத்த பிறகும் ஒரு முறை தாமதிக்கட்டும்.

எண்ணிக்கைக்குப் பெயர் வேண்டுமென்றால் மகாபாரதத்தின் அளவை இருக்கிறது. ஒரு பத்தி என்பது ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள். மூன்று பத்தி சேர்ந்தால் சேனாமுகம், மூன்று சேனாமுகம் ஒரு குல்மம். இப்படி மும்மடங்காக ஏறி அனீகினி வரைக்கும் போகும். பத்து அனீகினி ஓர் அக்குரோணி, அதில் 21,870 தேர்கள். தேர், யானை இடங்களில் உங்கள் மிருகங்களைப் போட்டுக்கொள்ளலாம். இதில் யாருடைய தெய்வமும் முன்னோரும் வரவில்லை, மரப்பாச்சிக்கும் மறுப்பு இருக்காது.

செங்காந்தள்:
மரப்பாச்சி, குலதெய்வப் பெயர்களைத் தொடக் கூடாது என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். பழையது எதையுமே தொடாதே என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பழைய ஆட்கள் பெயர் வைத்த விதத்தைக் கற்றுக்கொள்ளலாமே. மகாபாரதத்தில் நிவாதகவசர் வருகிறார்கள், மூன்று கோடிப் பேர், கடலுக்குள் வாழ்கிறவர்கள். காற்றுகூட நுழையாத கவசம் போட்டவர்கள் என்று எதிரே நின்று பார்த்தவன் வைத்த பெயர். காலகேயர் தாயின் பெயரால் வந்தவர்கள். கிங்கரர் முதலாளி வைத்த பெயர், ஏவினதைச் செய்கிறவர்கள். இராட்சதர் பெயருக்கு உத்தர காண்டத்தில் ஒரு கதை இருக்கிறது. பிரம்மா நீரைப் படைத்து அதைக் காக்க உயிர்களையும் படைத்தபோது, நாங்கள் காப்போம் என்று சொன்னவர்கள்தான் இராட்சதர் ஆனார்களாம். அவர்கள் தங்களைக் காவலர் என்று நம்புகிறார்கள்! ஆகவே பெயரை யார் வாயில் வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அரக்கர் தங்களை ஒரு பெயரால் சொல்லிக்கொள்ளட்டும், ஊரை விட்டு ஓடுகிறவர்கள் வேறு பெயரால் சொல்லட்டும்.

பொருநைக்கரை:
இது சரியான வழி. ஓடுகிறவர்கள் வாயில் "தண்டு" என்ற சொல்லை வையுங்கள். படை, படையிறங்கிய இடம் என்று பழைய வழக்கு. கோவை தண்டு மாரியம்மன் கோயிலின் கதையையும் படைவீரர் முகாமோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். "தண்டு வருது" என்று ஒரு கிழவி கத்தினால் போதும்.

ஆனால் செங்காந்தள், பனங்காடர் வேண்டாம். எங்கள் பக்கம் பனங்காடு என்பது வெறும் காட்சி இல்லை. பனையேறிப் பிழைத்தவர்கள் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் அடையாளம் அது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகளிடம் அதை அரக்கன் பெயராகக் கொடுக்காதீர்கள். அதே அடியில் "கருநெடும்" இருக்கிறதே, கருநெடியர் என்று வையுங்கள்.

செங்காந்தள்:
கருநெடியர். காதுக்கும் நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் இரவாடி.

இரவாடி:
குழுவோடு பேசிவிட்டு வருகிறேன். ஐந்து பழைய பெயர்களும் போகின்றன. மக்கள் வாயில் மொத்தப் படைக்கும் தண்டு. அவர்கள் தங்களைக் காப்போர் என்று சொல்லிக்கொள்வார்கள். பிரிவுகளில் கருநெடியர், பாசக்கையர் இரண்டும் உறுதி. மந்தப்படுத்தும் பிரிவுக்கு மடியர் என்று வைக்கிறோம். போர் முடிந்த களத்துக்கு வருகிறவர்களுக்குக் கூழுண்ணிகள். பறக்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் அமையவில்லை. அளவைக்குப் பத்தி, குல்மம், அக்குரோணி.

மரப்பாச்சி:
காப்போர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை வைத்துவிட்டு அவர்களை வெறும் வெட்டுக்கூட்டமாக விடாதீர்கள். எதைக் காக்கிறார்கள் என்று நாவலில் ஓர் அத்தியாயமாவது அவர்கள் பக்கத்திலிருந்து எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுவதே மேல். பறக்கிறவர்களுக்கு என் பரிந்துரை: யாரும் அவர்களைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்றால் பெயரே வேண்டாம். மக்கள் "மேலே இருக்கிறவங்க" என்று சொல்லட்டும்.

சொக்கட்டான்:
நாவலுக்கு அது சரி. பொத்தானில் "மேலோர்" என்று போடுங்கள், மூன்று எழுத்துதான்.