மூட்டையாக மளிகை வாங்கி வைப்பது நம் கடலூர், புதுவைக் கடற்கரைக்குச் சரிப்படுமா?

மஞ்சக்குப்பத்துக்காரி:
போன வாரம் இங்கே ஒருவர், "கையில் போன் இருக்கும்போது மூட்டை மூட்டையாக வாங்கி வைப்பது பழைய காலத்துப் பயம்" என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தை கடைசியில் தொடங்கி சித்திரைக்குள் வருடச் சாமானைச் சேர்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கர்நாடகத்தில் கலபுரகிப் பக்கத்துத் துவரை அறுவடையாகி வருவது அப்போதுதான். குண்டூர் மிளகாயும் பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை வரும். காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கம் சம்பா அறுத்த வயலில் இருக்கிற ஈரத்திலேயே தெளித்த உளுந்து பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். புளியும் அதே சமயம்தான். வரத்து இருக்கும்போது விட்டுவிட்டு, ஐப்பசி மழையில் கால் கிலோ கால் கிலோவாக வாங்கினால் நமக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடைத்தெருவே மூடிக் கிடந்தது, கரண்டும் இல்லை. வீட்டில் அரிசியும் புளியும் மிளகாயும் இருந்ததால் பக்கத்தில் மூன்று வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தோம்.

தென்பெண்ணைக்கரை:
அக்கா, உங்களுக்குப் பரண் இருக்கிறது, மாடி இருக்கிறது. நாங்கள் குண்டுஉப்பலவாடிப் பக்கம் தரைத்தள வாடகை வீடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் வந்தபோது கட்டில் மட்டத்துக்கு ஏறிவிட்டது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து அரிசி மூட்டையைத் தூக்கினேன். அடி கிழிந்து, வீங்கின அரிசி சேற்றோடு என் காலில் கொட்டியது. இரண்டு சிப்பம். பருப்பு டின் மூடியோடு மிதந்து வாசல் கம்பியில் மாட்டியிருந்தது. அன்றைக்கு என் மனைவி அழுதது அரிசிக்காக மட்டும் இல்லை, அது ஒரே தடவையில் போட்ட பணம்.

மாசச் சம்பளக்காரன் பத்துப் பன்னிரண்டாயிரத்தை ஒரே மாதத்தில் மளிகைக்கு எடுக்க வேண்டும் என்றால் வட்டிக்குக் கடன்தான் வாங்க வேண்டும். மிச்சமாகிறது என்று நீங்கள் சொல்கிற பணம் வட்டிக்கே போய்விடும். தமிழ்நாட்டு ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எங்கள் வீட்டுக்குப் பாதிப் பருப்பு அதிலேயே முடிகிறது.

அரியாங்குப்பம்:
அண்ணே, ரேஷன் கணக்கு உங்கள் பக்கத்துக்கு. புதுவையில் பல வருடம் அரிசிக்குப் பதில் பணம்தான் வங்கிக் கணக்கில் வந்தது. அந்தப் பணத்தில் எங்கே, எப்படி வாங்குவது என்பதே எங்களுக்குக் கேள்வியாக இருந்தது. கல்யாணமான புதிதில் மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று சிப்பம் வாங்கினேன். மூன்றாவதைப் பிரித்தபோது அரிசி நூல் கட்டி, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பு. அடியில் வெள்ளையாக மாவு. தெரிந்தவர் ஒருவர், "நெல் கிடங்கில் போடுகிற மாத்திரை இருக்கிறது, துணியில் முடிந்து போட்டால் ஒரு பூச்சி வராது" என்றார். அது சரியா?

மஞ்சக்குப்பத்துக்காரி:
ஐயோ, வேண்டாம்மா! அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பின் என்கிற விஷவாயு வரும். மூடின கிடங்கில், பயிற்சி எடுத்தவர்கள் போடுகிற சாமான் அது. நாம் தூங்குகிற வீட்டில் வைத்தால் ஆளே போய்விடும். அரிசி போனாலும் பரவாயில்லை, அதைத் தொடாதே.

முதுநகர் மளிகை:
நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பேர் அச்சிட்டுக் கட்டி வருகிற அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால்தான் 25 கிலோவாக இருந்த சிப்பம் 26 கிலோ ஆனது. ஒரு கிலோ கூடப் போட்டால் வரி இல்லை. ஆனால் அதே மூட்டையைப் பிரித்து நான் தராசில் 3 கிலோ நிறுத்துக் கொடுத்தாலும் வரி இல்லை. வரி இருப்பது 5 கிலோ, 10 கிலோ பளபளப்புப் பைக்குத்தான். அரிசியைப் பொறுத்தவரை, சிப்பத்துக்கும் சில்லறைக்கும் என் கடையில் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான் வித்தியாசம். அதற்காக மூன்று சிப்பம் அடுக்க வேண்டியதில்லை தங்கச்சி. ஒன்று பிரித்ததும் அடுத்ததற்குச் சொல்லி அனுப்பினால் போதும்.

பூச்சி உங்கள் வீட்டில் வந்தது என்றும் நினைக்காதீர்கள். அரிசி வண்டு மணிக்குள்ளேயே துளைத்து முட்டை வைக்கும், வெளியே தெரியாது. நம் ஊர் வெக்கையில் ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த பூச்சிப் பொறி இருக்கிறது, சின்னச் சின்ன ஓட்டை போட்ட குழாய். அரிசிக்குள் செருகி வைத்தால் வண்டு தானாக அதில் விழும். மருந்து இல்லை, மாத்திரை இல்லை.

மஞ்சக்குப்பத்துக்காரி:
அரிசியில் தம்பி சொல்வது சரிதான். பழைய அரிசி உதிரியாக வரும் என்பதால் ஒரு சிப்பம் முன்கூட்டி வைப்பேன், அவ்வளவுதான். பருப்பு அப்படி இல்லை. முழுப் பயறைத் துளைக்கிற வண்டு உடைத்த பருப்பை அவ்வளவாகத் தொடாது. இரண்டு வெயில் காட்டி, ஆறவிட்டு, விளக்கெண்ணெய் கையில் தொட்டுப் பிசிறி டின்னில் போட்டால் நிற்கும். புளிக்குக் கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவி, பீங்கான் ஜாடியில் அமுக்கி வையுங்கள். என் மாமியார் அமுக்கின புளி கறுத்துப்போய் இரண்டாவது வருடமும் குழம்புக்கு வந்தது. எண்ணெய் மட்டும் வேண்டாம். செக்குக் கடலை எண்ணெய் மூன்று மாதம் தாண்டினால் காறல் அடிக்க ஆரம்பிக்கும்.

தென்பெண்ணைக்கரை:
இரண்டு வெயில், பிசிறுவது, புடைப்பது, கொட்டை எடுப்பது. யார் செய்கிறார்கள் அக்கா? என் மனைவி காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு ஏழுக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளையும் மொட்டைமாடி முறத்துக்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். அந்த உழைப்பை யாரும் கிலோ விலையில் சேர்ப்பதில்லை.

அப்புறம், தை மாதத்தில் வாங்கினால் மலிவு என்பதும் இப்போது உறுதி இல்லை. 2021இல் இருந்து துவரை இறக்குமதியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மொசாம்பிக் துவரை ஆவணி, புரட்டாசிப் பக்கம் வந்து இறங்குகிறது. நீங்கள் மாசியில் வாங்கி அடுக்கின பருப்பைவிட ஐப்பசியில் நான் வாங்குகிற பருப்பு விலை குறைந்தாலும் குறையும்.

முதுநகர் மளிகை:
இறக்குமதி விஷயம் உண்மை. துவரையில் வருடக் கணக்குப் போட்டு வாங்கச் சொல்லி நானே இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

மஞ்சக்குப்பத்துக்காரி:
வெயில் காட்டுகிற வேலை என் கையில்தான் விழுகிறது, எங்கள் வீட்டு ஆம்பளைகள் மூட்டையை இறக்கியதோடு சரி. அது எனக்கும் உறுத்துகிறது தம்பி. துவரை இனி நான்கு மாதத்துக்கு மேல் வாங்கமாட்டேன். புளி, மிளகாய், உளுந்து மூன்றையும் விடமாட்டேன். அதிலும் உளுந்து நம் மண்ணில் விளைந்தது. பங்குனியில் புவனகிரிப் பக்கம் தெரிந்த வீட்டில் களத்திலேயே வாங்குவேன். மூட்டையாகத்தான் தருவார்கள். முழு உளுந்து ஆனதால் அன்றே வெயிலில் போட்டு உடைத்து வைத்துவிட வேண்டும்.

இந்த முறை அதை நான்கு வீடாகப் பிரித்துக்கொள்ளலாமா? ஆளுக்கு இரண்டாயிரத்துக்குள் முடியும், கடன் வாங்க வேண்டாம். எங்கள் மாடியில் காயப் போடலாம், உடைக்கிறபோது என் வீட்டுக்காரரும் உட்காருவார். மழைக்காலத்தில் உங்கள் பங்கு என் பரணிலேயே இருக்கட்டும்.

தென்பெண்ணைக்கரை:
உளுந்துக்குச் சரி அக்கா. புடைக்க நான் வருகிறேன். அரிசியும் பருப்பும் மாதா மாதம்தான் வாங்குவேன், அதில் மாற்றம் இல்லை.

அரியாங்குப்பம்:
எனக்கும் ஒரு பங்கு வையுங்கள் அக்கா. அந்தப் பூச்சிப் பொறி கடலூரில் எந்தக் கடையில் கிடைக்கும்?