மலையகத்தில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்: ஊர்ப் பணத்தில் நடத்த முடியுமா?

கேள்வி (ஹட்டன்)

மஹரகமவிலும் கண்டியிலும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, இனி நோயைக் குணப்படுத்த வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் எங்கள் தோட்டத்து நோயாளர்களுக்கு, அதன் பிறகு போக்கிடம் இல்லை. லயக் காம்பிராவின் (தோட்டத்து வரிசை வீட்டின்) முன்னறையில் பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்கள். உள்ளே விறகடுப்புப் புகை சூழ்ந்திருக்கும்; மகளோ மருமகளோ கொழுந்து பறிக்கப் போகாமல் பக்கத்திலிருந்தால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும். கொழும்பில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பணம் தர முன்வந்திருப்பதால், ஆறு கட்டில்கள் கொண்ட இல்லமொன்றைக் கட்டலாம் என்று பேசி வருகிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தாதி, பதுளை)

கட்டடத்துக்குப் பணம் சேர்ந்துவிடும் ஐயா; இரவுகளுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் கடினம். வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். ஒருவர் 45 மணித்தியாலம் வேலை செய்தாலும், எந்நேரமும் ஒருவர் விழித்திருக்க நான்கு பேர் வேண்டும். லீவையும் சுகவீனத்தையும் சேர்த்தால் ஐந்து பேர். ஆறு நோயாளருக்கு ஒருவர் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகெலும்பின் அடியிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். விழுங்க முடியாதவரின் வாயை ஈரப் பஞ்சால் துடைத்து, உதட்டுக்கு ஏதேனும் பூசிவிட வேண்டும்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் மருந்து பற்றிய பயத்தையும் முதலிலேயே பேசித் தீருங்கள். அது கடைசி நாளுக்கான மருந்தென்று எண்ணி, நோயாளி வலியில் துடிக்கும்போதும் போத்தலைத் திறக்காமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வைத்தியர் அளந்து கொடுக்கும் மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. சாதாரண வாய்வழி மோர்பினை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வலி திரும்பும் முன்பே கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக வரும் என்பதால் அதற்குரிய மருந்தும் கூடவே செல்ல வேண்டும். அபாயகர ஔடதங்கள் சட்டத்துக்குட்பட்ட மருந்து என்பதால், பூட்டிய அலுமாரியும் துளித்துளியாக எழுதப்படும் பதிவேடும் இல்லாமல் இல்லத்தைத் தொடங்காதீர்கள்.

பதில் 2 (கண்டி)

கேரளத்தில் இந்த வேலை ஆறு கட்டில்களோடு ஆரம்பிக்கவில்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு வெளிநோயாளர் கிளினிக்காகத்தான் தொடங்கியது. பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் பயிற்சி பெற்ற அயலவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஊர் மக்கள் கொடுத்த சிறு தொகைகளே செலவுக்கு உதவின. 2008இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. ஆகவே, ஒரு தாதி, ஒரு முச்சக்கர வண்டி, தோட்டப் பிரிவுக்கு இரண்டு தொண்டர்கள் என்று வீட்டுப் பராமரிப்பை முதலில் தொடங்குங்கள்.

ஆனால் "வீட்டிலேயே இருக்கட்டும்" என்று முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சுவர் தாண்டி அடுத்த காம்பிராவின் பேச்சும் அழுகையும் கேட்கும் இடத்தில், மறைவாக உடை மாற்றுவதற்குக்கூட வசதியில்லாத ஒரு பெண் நோயாளிக்கு அந்த வீடு ஆறுதலாக இருக்குமா? வலி கட்டுக்குள் வரும் வரையிலோ, பார்த்துக்கொள்பவர் களைத்துப்போகும்போதோ சில நாட்கள் தங்க இரண்டு மூன்று கட்டில்கள் அவசியம்.

பதில் 3 (மஸ்கெலியா)

பணத்தைப் பற்றி ஒரு சொல். அநேக தோட்டங்களில் மரண சகாய சங்கம் இருக்கிறது; சவப்பெட்டிக்கும் கூடாரத்துக்கும் மாதச் சந்தா கட்டிப் பழகிய மக்கள் நாங்கள். அதே சங்கங்களிடம் பேசி, உயிரோடு இருக்கும் நோயாளிக்கென்று தனிச் சந்தாவும் தனிக் கணக்குப் புத்தகமும் கேளுங்கள். வெளிநாட்டுப் பணம் ஒரு வருடம் வந்து மறு வருடம் நிற்கலாம். ஆகவே அதைக் கட்டிலுக்கும் வண்டிக்கும் வைத்துக்கொண்டு, சம்பளத்தை ஊர்ச் சந்தாவிலிருந்தே கொடுக்கப் பாருங்கள். கணக்கை மாதந்தோறும் கோவில் வாசலிலும் தேவாலயத்திலும் ஒட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கட்டடப் பேச்சை ஒத்திவைத்து, முதலில் ஒரு தாதியை அமர்த்துவது பற்றி அடுத்த கூட்டத்தில் முன்மொழிகிறேன். பதுளை அம்மா, தொண்டர்களாக வரக்கூடிய எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் படுக்கைப் புண் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வர இயலுமா?